பலூன்கள் எவ்வளவு தொலைவு செல்லும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பலூனுக்குச் சொந்த வேகம் கிடையாது. காற்று எந்தத் திசையில், எந்த வேகத்தில் நகர்கிறதோ, அந்தத் திசையில் அதே வேகத்தில் பலூனும் நகர்கிறது. எனவே ஒரு பலூன் எவ்வளவு தொலைவு போகும் என்பதை அதன் அளவைக் கொண்டோ விலையைக் கொண்டோ சொல்லிவிட முடியாது. அது எந்த உயரத்துக் காற்றில் மிதக்கிறது, அந்த உயரத்தில் எத்தனை நேரம் தங்குகிறது என்ற இரண்டும் தெரிந்தால் தொலைவை ஏறக்குறைய சொல்லிவிடலாம். இவற்றில் இரண்டாவதுதான் கடினமானது. பலூன் பறத்தலின் இருநூற்று நாற்பது ஆண்டு வரலாற்றில் நடந்த முயற்சிகளில் பெரும்பகுதி, வானில் இன்னும் சிறிது நேரம் தங்குவதற்காகவே செய்யப்பட்டவை.

எந்த வகை பலூன் எவ்வளவு தொலைவு போகும் என்று சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

கைநழுவிப் போகும் ஹீலியம் ரப்பர் பலூன் பெரும்பாலும் சில பத்து கிலோமீட்டருக்குள் விழுந்துவிடும். அரிதாகச் சில நூறு கிலோமீட்டர் போவதும் உண்டு. வானிலை ஆய்வு பலூன் கிளம்பிய இடத்திலிருந்து 200 கி.மீ. வரையும், சில நாட்களில் அதற்கு மேலும் விலகி இறங்கும். பயணிகளை ஏற்றும் வெப்பக்காற்று பலூன் ஒரு மணிநேரப் பயணத்தில் பொதுவாக 5 முதல் 20 கி.மீ. வரை நகரும். மனிதர் செல்லும் ஹீலியம் பலூன் பெருங்கடலையே கடந்திருக்கிறது. ஹீலியமும் வெப்பக்காற்றும் சேர்ந்த கலப்பு வகை உலகைச் சுற்றி வந்திருக்கிறது. ஆளில்லாத, முற்றாக மூடப்பட்ட அதியழுத்த பலூன்கள் மாதக்கணக்கில் மிதந்து உலகைப் பலமுறை சுற்றுகின்றன.

வாயால் ஊதிய பலூன் ஏன் பறப்பதில்லை?

அதற்குள் இருப்பதும் காற்றுதான். நாம் ஊதும் மூச்சுக் காற்று பலூனின் இறுக்கத்தால் சற்று அழுத்தப்பட்டிருக்கிறது. அதோடு ரப்பரின் எடையும் சேர்வதால் மொத்தத்தில் அது சுற்றியுள்ள காற்றைவிடக் கனமானது. பலத்த காற்று தரையோடு உருட்டிச் செல்லும் தொலைவே அதன் தொலைவு.

விழாக்களில் பயன்படுத்தும் ஹீலியம் ரப்பர் பலூனைக் கைவிட்டால் எங்கே போகும்?

நன்றாக ஊதினால் 28 செ.மீ. விட்டம் வரும் வழக்கமான ரப்பர் பலூனில் ஏறத்தாழ 14 லிட்டர் ஹீலியம் பிடிக்கும். ஒரு லிட்டர் ஹீலியம் கடல் மட்டத்தில் ஏறத்தாழ ஒரு கிராமைத் தூக்கும். பலூனின் ரப்பர் சுமார் 3 கிராம் எடையுள்ளது என்பதால், மீதமுள்ள பத்துப் பதினோரு கிராம் தூக்குவிசையே அதை மேலே கொண்டு செல்கிறது. மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறைகிறது. உள்ளிருக்கும் வாயு விரிகிறது. 8 கி.மீ. உயரத்தை எட்டும்போது அதன் கன அளவு தரையில் இருந்ததைப் போல் இரு மடங்குக்கும் அதிகமாகியிருக்கும். குளிரில் விறைத்துப்போன ரப்பரால் அந்த அளவுக்கு நீள முடியாது. முழுக்க ஊதிய பலூன் இந்த உயரத்துக்கு வருவதற்கு முன்பேகூட வெடித்துவிடும். கிளம்பியதிலிருந்து வெடிக்கும் வரை பெரும்பாலும் ஒன்றிரண்டு மணிநேரம்தான் ஆகும் என்பதால், மேலே மணிக்கு 30 அல்லது 40 கி.மீ. வேகத்தில் காற்று அடித்தாலும் அது சில பத்து கிலோமீட்டருக்கு மேல் போவதில்லை.

குறைவாக ஊதிய பலூன் முழுக்க ஊதியதைவிட அதிகத் தொலைவு செல்லக்கூடும். விரிவதற்கு இடம் இருப்பதால் அது எளிதில் வெடிப்பதில்லை. மெல்ல ஏறுவதால் நேரமும் கூடுகிறது. முகவரி அட்டை கட்டி விடப்பட்ட பலூன்கள் சில நேரம் வியக்கத்தக்க தொலைவில் கிடைப்பதற்கு அட்டையின் எடையும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் இதற்கும் எல்லை உண்டு. ரப்பரின் நுண்துளைகள் வழியே ஹீலியம் ஓயாமல் கசிந்துகொண்டே இருக்கிறது. வீட்டுக் கூரையில் முட்டிக்கொண்டு நிற்கும் அதே பலூன் பன்னிரண்டு மணிநேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் தரைக்கு வந்துவிடுவது இதனால்தான்.

பளபளப்பான ஃபாயில் பலூன் ஏன் அதிக நாள் தாங்குகிறது?

உலோகம் பூசிய பிளாஸ்டிக் படலத்தின் வழியே ஹீலியம் மிக மெதுவாகவே கசியும். எனவே அது நாட்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் மிதக்கிறது. ஆனால் படலம் ரப்பரைப் போல நீளாது. தரையிலேயே விம்மப் புடைக்கும்படி நிரப்பிவிட்டால் கொஞ்ச உயரத்திலேயே ஒட்டிய விளிம்பு பிரிந்து கீழே வந்துவிடும். அரைகுறையாக நிரப்பினால், மேலே போகும்போது சுருக்கங்கள் விரிந்து, ஓர் உயரத்தில் முழு வடிவம் பெற்று அங்கேயே நிற்க வாய்ப்புண்டு. இந்த ஒரு பண்பை வைத்துக்கொண்டு பொழுதுபோக்கு ஆர்வலர்கள் உலகைச் சுற்றிவிட்டார்கள். அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

ஹீலியத்துக்குப் பதில் ஹைட்ரஜன் நிரப்பினால் இரட்டிப்புத் தொலைவு போகுமா?

போகாது. ஹைட்ரஜன் ஹீலியத்தின் பாதி எடை என்பது உண்மைதான். ஆனால் தூக்குவிசை என்பது வாயுவின் எடைக்கும் அது விலக்கும் காற்றின் எடைக்கும் உள்ள வேறுபாடு. காற்றோடு ஒப்பிட்டால் இரண்டுமே மிக இலேசானவை என்பதால் ஹைட்ரஜனின் ஆதாயம் சுமார் 8 விழுக்காடு மட்டுமே. அதன் உண்மையான கவர்ச்சி மலிவான விலை; அதன் ஆபத்து தீ.

வானிலை ஆய்வு பலூன்கள் எவ்வளவு தொலைவு செல்கின்றன?

உலகெங்கும் ஏறத்தாழ 900 இடங்களிலிருந்து, பெரும்பாலும் ஒரே நேரத்தில், நாளுக்கு இருமுறை வானிலை பலூன்கள் ஏவப்படுகின்றன. இவற்றின் நோக்கம் தொலைவு அல்ல, உயரம். தரையில் சுமார் ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள ரப்பர் பலூன் நொடிக்கு ஏறத்தாழ 5 மீட்டர் வேகத்தில் ஏறி, 30 முதல் 35 கி.மீ. உயரத்தில் 6 மீட்டருக்கும் அதிகமாக விரிந்து வெடிக்கிறது. அந்த உயரத்தில் காற்றழுத்தம் தரையில் உள்ளதில் நூற்றில் ஒரு பங்கு அளவே. அதில் தொங்கும் ரேடியோசோண்ட் என்ற சிறு கருவிப்பெட்டி வெப்பநிலை, ஈரப்பதம், அழுத்தம், காற்று ஆகியவற்றை வானொலி அலையில் அனுப்பிக்கொண்டே போய், பின் சிறிய பாராசூட்டில் இறங்குகிறது.

மொத்தப் பயணம் இரண்டு மணிநேரத்தை ஒட்டியது. அந்த நேரத்துக்குள் பலூன் பல காற்றடுக்குகளைக் கடந்துவிடுகிறது. 9 முதல் 12 கி.மீ. உயரத்தில் வேகமாக ஓடும் ஜெட் காற்றோட்டம் தலைக்கு மேலே இருக்கும் நாளில் பெட்டி 200 கி.மீ.க்கு அப்பால் விழும். காற்று அடங்கிய நாளில் ஏவிய இடத்துக்கு அருகிலேயே விழுவதும் உண்டு. ஒரே வகைப் பலூன், ஒரே அளவு வாயு, ஒரே இடம் என்று இருந்தும் தொலைவு இப்படி மாறுவதைப் பார்த்தால், தொலைவைக் காற்றுதான் முடிவு செய்கிறது என்பது விளங்கும்.

வெப்பக்காற்று பலூன் ஏன் குறைந்த தொலைவே செல்கிறது?

வெப்பக்காற்று ஒரு பலவீனமான தூக்கி. வெளியே 15 பாகை, உள்ளே 100 பாகை செல்சியஸ் என்று வைத்துக்கொண்டால், ஒரு கன மீட்டர் வெப்பக்காற்று கால் கிலோவுக்குச் சற்று மேல் தூக்குகிறது. அதே அளவு ஹீலியம் ஒரு கிலோவுக்கு மேல் தூக்கும். அதிலும் வெப்பக்காற்று ஓயாமல் ஆறிக்கொண்டிருப்பதால் அடிக்கடி சுடரை எரிக்க வேண்டும். எரிவாயு உருளைகள் கனமானவை. அதிக நேரம் பறக்க அதிக எரிவாயு வேண்டும், அதிக எரிவாயுவைத் தூக்க இன்னும் பெரிய பலூன் வேண்டும், பெரிய பலூன் இன்னும் அதிக எரிவாயுவைக் குடிக்கும்.

இதோடு, பயணிகள் பலூனை ஓட்டுபவர் காற்று அடங்கியிருக்கும் அதிகாலையையோ மாலையையோ வேண்டுமென்றே தேர்ந்தெடுக்கிறார். பலத்த காற்றில் பறப்பது எளிது, இறங்குவதுதான் ஆபத்து. ஆகவே இந்தப் பலூன்கள் குறைந்த தொலைவு செல்வதைக் குறைபாடாகக் கருத வேண்டியதில்லை. அது பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட முடிவு.

1783 நவம்பர் 21 அன்று பாரிஸில் பிலாத்ர் த ரோசியேவும் மார்க்கி தார்லாந்தும் செய்த முதல் மனிதப் பயணம் சுமார் 25 நிமிடம் நீடித்து ஏறத்தாழ 9 கி.மீ. சென்றது. பத்து நாள் கழித்து, அதே பாரிஸிலிருந்து ஹைட்ரஜன் பலூனில் கிளம்பிய ழாக் சார்லும் அவருடைய துணைவரும் இரண்டு மணிநேரத்தில் ஏறத்தாழ 36 கி.மீ. சென்று இறங்கினார்கள். வெப்பக்காற்றுக்கும் இலேசான வாயுவுக்கும் உள்ள வேறுபாடு முதல் இரண்டு வாரத்திலேயே தெரிந்துவிட்டது.

அப்படியானால் வெப்பக்காற்று பலூன் பசிபிக் பெருங்கடலைக் கடந்தது எப்படி?

1991 ஜனவரியில் பெர் லிண்ட்ஸ்ட்ராண்டும் ரிச்சர்ட் பிரான்சனும் ஜப்பானிலிருந்து கிளம்பி, கனடாவின் வடகோடிப் பனிப்பரப்பில் இறங்கினார்கள். தொலைவு சுமார் 7,670 கி.மீ.; நேரம் 46 மணியை ஒட்டியது. வகுத்துப் பார்த்தால் சராசரி வேகம் மணிக்கு 160 கி.மீ.க்கு மேல் வருகிறது. அவ்வளவு பெரிய பலூனாலும் இரண்டு நாளுக்கு மேல் மிதந்திருக்க முடியாது என்பதால், மிதக்கும் அந்தக் குறுகிய நேரத்தைக் குளிர்கால ஜெட் காற்றோட்டத்தின் நடுவே செலவிட்டார்கள். அங்கே மூச்சுவிடக் காற்று போதாது. எனவே அழுத்தம் காக்கும் மூடிய அறையில் உட்கார்ந்து பயணம் செய்தார்கள்.

மனிதர் செல்லும் வாயு பலூன்களின் சாதனைகள் என்ன?

1870இல் பிரஷியப் படைகள் பாரிஸைச் சூழ்ந்திருந்தபோது, கடிதங்களையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு அறுபதுக்கும் அதிகமான பலூன்கள் நகரத்திலிருந்து வெளியேறின. அவற்றில் ஒன்று, நவம்பர் 24 இரவு கிளம்பி, திசை தெரியாமல் வட கடலைக் கடந்து, பதினைந்து மணிநேரத்துக்குள் நார்வேயின் பனிமலையில் போய் இறங்கியது. ஏறத்தாழ 1,250 கி.மீ.! முற்றுகையைத் தாண்டி அருகில் எங்காவது இறங்கினால் போதும் என்று கிளம்பியவர்கள் அவர்கள்.

அட்லாண்டிக்கை முதன்முதலில் கடந்தது 1978 ஆகஸ்டில்: பென் அப்ரூஸ்ஸோ, மேக்ஸி ஆண்டர்சன், லாரி நியூமன் மூவரும் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்திலிருந்து ஹீலியம் பலூனில் கிளம்பி, 137 மணிநேரத்தில் பிரான்ஸில் இறங்கினார்கள். 1984இல் ஜோ கிட்டிங்கர் அதே பெருங்கடலைத் தனியாகக் கடந்து இத்தாலி வரை சென்றார். வாயு பலூன்களுக்கான கோர்டன் பென்னட் கோப்பைப் போட்டி 1906 முதல் நடக்கிறது. தொலைவுதான் அதில் வெற்றியைத் தீர்மானிக்கும். 2005இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த அணி அமெரிக்காவின் ஆல்புகர்க்கியிலிருந்து கனடாவின் கியூபெக் வரை 3,400 கி.மீ. சென்று அந்தப் போட்டியின் சாதனையைப் படைத்தது. 2015 ஜனவரியில் டிராய் பிராட்லியும் லியோனித் தியுக்த்யாயெவும் ஜப்பானிலிருந்து மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா கடலோரம் வரை சுமார் 10,700 கி.மீ. தொலைவை 160 மணிநேரத்தில் கடந்தார்கள்.

இவ்வளவு ஹீலியம் இருந்தும் ஏன் ஒரு வாரத்துக்கு மேல் தாங்குவதில்லை?

இந்தப் பக்கத்தில் உள்ளவற்றில் முக்கியமான கேள்வி இதுதான். விடையை ஒரே சொல்லில் சொல்லலாம்: இரவு.

வழக்கமான வாயு பலூனின் அடிப்பகுதி திறந்திருக்கும். பகலில் வெயில் பட்டு வாயு சூடேறி விரியும்போது, மிகுதி வாயு அந்த வழியே வெளியேறிவிடும். இல்லாவிட்டால் பலூன் கிழிந்துவிடும். மாலையில் வெயில் மறைந்ததும் எஞ்சிய வாயு குளிர்ந்து சுருங்குகிறது. சுருங்கிய பலூன் குறைந்த காற்றையே விலக்குவதால் தூக்குவிசை குறைந்து, பலூன் இறங்கத் தொடங்குகிறது. அதைத் தடுக்க மணலையோ வேறு சுமையையோ கீழே கொட்ட வேண்டும். கொட்டியதும் பலூன் நிலைக்கிறது. மறுநாள் காலை வெயில் வந்ததும், சுமை குறைந்திருப்பதால் அது நேற்றைவிட உயரமாக ஏறி, முன்னைவிட அதிக வாயுவை இழக்கிறது. அன்று மாலை இன்னும் கொஞ்சம் மணல். வாயு ஒருபுறம், மணல் மறுபுறம் என்று இரண்டும் கரைந்து, கொட்டுவதற்கு மணல் இல்லாத இரவில் பயணம் முடிகிறது. ஆகவே வாயு பலூனோட்டிகள் எத்தனை கிலோ மணல் மிச்சமிருக்கிறது என்பதை எத்தனை இரவு மிச்சமிருக்கிறது என்றே எண்ணிப் பார்ப்பார்கள்.

இரவே இல்லாத இடத்தில் பறக்கவிட்டால் என்ன? அண்டார்டிகாவின் கோடைக்காலத்தில் சூரியன் மறைவதில்லை. நாசா தன் ஆய்வுக் கருவிகளை மெக்மர்டோ நிலையத்தை ஒட்டிய பனிப்பரப்பிலிருந்து டிசம்பர் வாக்கில் ஏவுவது இதற்காகத்தான். 2023 டிசம்பர் 31 அன்று அங்கிருந்து கிளம்பிய கஸ்டோ தொலைநோக்கிப் பலூன் தென்துருவத்தைச் சுற்றியபடி 57 நாள் மிதந்தது. திறந்த அடிப்பகுதி கொண்ட சாதாரண வகைதான் அது. பகல் மட்டும் நீண்டது.

மனிதர் உலகைச் சுற்றியது எந்தப் பலூனில்?

ரோசியே வகையில். முதல் மனிதப் பயணம் செய்த பிலாத்ர் த ரோசியேவின் பெயரைத்தான் இந்த வகை தாங்குகிறது. மேலே ஹீலியம் அறை, அதைச் சூழ்ந்தும் கீழுமாக வெப்பக்காற்று அறை என்பது இதன் அமைப்பு. இரவில் ஹீலியம் குளிரத் தொடங்கும்போது மணலைக் கொட்டாமல், எரிவாயுவைக் கொஞ்சம் எரித்து ஹீலியத்தை வெதுவெதுப்பாக வைத்துக்கொள்ளலாம். சுமையின் பெரும்பகுதியை ஹீலியம் தூக்குவதால், நெருப்பின் வேலை இரவின் இழப்பை ஈடுகட்டுவது மட்டுமே. ரோசியே 1785இல் ஹைட்ரஜனோடு நெருப்பைச் சேர்த்து ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்று உயிரிழந்தார். தீப்பற்றாத ஹீலியம் கிடைத்த பிறகே அவருடைய எண்ணம் பாதுகாப்பானதாயிற்று.

1999 மார்ச் 1 அன்று பெர்ட்ராண்ட் பிக்கார், பிரையன் ஜோன்ஸ் இருவரும் சுவிட்சர்லாந்தின் ஷாத்தோ-தே மலைக்கிராமத்திலிருந்து பிரைட்லிங் ஆர்பிட்டர் 3 என்ற இவ்வகைப் பலூனில் கிளம்பினார்கள். கிழக்கே போக வேண்டியவர்கள் முதலில் தென்மேற்கே வட ஆப்பிரிக்காவை நோக்கிச் சென்றார்கள். கிழக்கே தள்ளும் காற்றோட்டம் அங்கேதான் அவர்களுக்குத் தோதாக இருந்தது. சீனா தன் நாட்டின் தென்பகுதி வழியாக மட்டுமே பறக்க அனுமதித்திருந்ததால், 26ஆம் பாகை அட்சக்கோட்டுக்குத் தெற்கே உள்ள பாதையைப் பிடித்தாக வேண்டியிருந்தது. திசைதிருப்பி இல்லாத ஒரு வாகனத்தை, உயரத்தை மட்டும் மாற்றி மாற்றி, அப்படி ஒரு குறுகிய பாதைக்குள் செலுத்தியதில் தரையிலிருந்த வானிலை வல்லுநர்களின் பங்கு இருவரின் துணிவுக்கும் குறைந்ததல்ல. 19 நாள் 21 மணிநேரத்துக்குப் பிறகு எகிப்தின் பாலைவனத்தில் இறங்கியபோது, சாதனையாகப் பதிவான தொலைவு 40,814 கி.மீ.

2002இல் ஸ்டீவ் ஃபாசெட் மேற்கு ஆஸ்திரேலியாவின் நார்தாமிலிருந்து கிளம்பித் தனியாக உலகைச் சுற்றினார். 2016இல் ரஷ்யாவின் ஃபியோதர் கொன்யூகொவ் அதே ஊரிலிருந்து கிளம்பி, 11 நாளுக்குச் சற்று மேலான நேரத்தில் சுற்றி முடித்தார். இருவரின் தொலைவும் 33,000 முதல் 35,000 கி.மீ.க்குள் அடங்குவதற்குக் காரணம், தென்கோளத்தில் நடுக்கோட்டை விட்டு விலகிச் சுற்றியதே; அங்கே உலகின் சுற்றளவு குறைவு.

அதியழுத்த பலூன் என்றால் என்ன?

இரவுச் சிக்கலுக்குக் கிடைத்த நேர்த்தியான தீர்வு என்று இதைச் சொல்வேன். இதில் வாயு வெளியேற வழியே இல்லை, உறையும் நீளாது. பகலில் வாயு சூடேறினால் கன அளவு கூடாமல் அழுத்தம் மட்டும் கூடும்; இரவில் அழுத்தம் குறையும், ஆனால் வெளி அழுத்தத்துக்குக் கீழே போகாதபடி நிரப்பப்பட்டிருக்கும். கன அளவு மாறாததால் தூக்குவிசையும் மாறாது; உயரமும் ஏறக்குறைய அப்படியே நிற்கும். மணலும் வேண்டாம், நெருப்பும் வேண்டாம். அழுத்தத்தைத் தாங்கக்கூடிய, ஊசிமுனைத் துளைகூட இல்லாத உறையைச் செய்வதுதான் கடினம்.

1960களில் நியூசிலாந்திலிருந்து ஏவப்பட்ட கோஸ்ட் என்ற சிறிய அதியழுத்த பலூன்களில் ஒன்று இரண்டு ஆண்டுக்கும் மேல் மிதந்தது. நாசாவின் பெரிய அதியழுத்த பலூனின் கன அளவு 5,32,000 கன மீட்டர். அவ்வகைப் பலூன் 2016இல் நியூசிலாந்தின் வானக்காவிலிருந்து கிளம்பி 46 நாள் பறந்து பெருவில் இறக்கப்பட்டது. 2023இல் சூப்பர்பிட் தொலைநோக்கியைச் சுமந்தபடி ஏறத்தாழ 40 நாளில் தென்கோளத்தை ஐந்து முறைக்கு மேல் சுற்றியது.

காகித பலூன் பெருங்கடலைக் கடந்தது என்பது உண்மையா?

உண்மை, ஆனால் துயரமான உண்மை. 1944 நவம்பரிலிருந்து 1945 வசந்தகாலம் வரை ஜப்பானிய ராணுவம் ஃபூ-கோ என்ற 9,000க்கும் மேற்பட்ட ஹைட்ரஜன் பலூன்களை வெடிகுண்டுகளோடு அமெரிக்காவை நோக்கி விட்டது. 10 மீட்டர் விட்டமுள்ள உறை, காகித மல்பெரி நாரால் செய்த தாளைக் கிழங்குப் பசையால் அடுக்கடுக்காக ஒட்டிச் செய்யப்பட்டது. இரவில் பலூன் குறிப்பிட்ட உயரத்துக்குக் கீழே இறங்கினால் காற்றழுத்தமானி ஒரு மின்சுற்றை இணைக்கும்; சிறு வெடி வெடித்து மணல் மூட்டைகள் கழன்று விழும்; பகலில் அதிகம் ஏறினால் வால்வு திறந்து ஹைட்ரஜன் வெளியேறும். ஆள் இல்லாமலே இந்த ஏற்பாடு பலூனை ஜெட் காற்றோட்டத்துக்குள் நிறுத்தி, சுமார் 8,000 கி.மீ. தொலைவை ஏறத்தாழ மூன்று நாளில் கடக்க வைத்தது. சுமார் 300 பலூன்கள் வட அமெரிக்காவில் கண்டெடுக்கப்பட்டன. 1945 மே 5 அன்று ஆரிகன் மாநிலத்தில் காட்டுக்குச் சென்ற ஒரு பெண்ணும் ஐந்து சிறார்களும் இப்படி விழுந்த குண்டொன்று வெடித்து இறந்தார்கள்.

பொழுதுபோக்காகப் பறக்கவிடும் சிறு பலூன் உலகைச் சுற்றுமா?

சுற்றுகிறது. அமெச்சூர் வானொலி ஆர்வலர்கள் இவற்றை பிக்கோ பலூன் என்கிறார்கள். ஒரு மீட்டரை ஒட்டிய ஃபாயில் பலூன் அல்லது அதற்கென்று செய்த ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பலூன், அதில் சில சூரிய மின்தகடுகள், ஜிபிஎஸ், மிகக் குறைந்த திறனில் ஒலிபரப்பும் டிரான்ஸ்மிட்டர், நூல் போன்ற ஆண்டெனா கம்பி. எல்லாம் சேர்த்து பத்து இருபது கிராம்தான். பெரும்பாலானவற்றில் மின்கலம் கிடையாது. இரவில் அவை ஊமையாகிவிடும், விடிந்ததும் எங்கே இருக்கிறோம் என்று அறிவிக்கும்.

வெற்றி நிரப்புவதில் இருக்கிறது. பலூனும் கருவியும் சேர்ந்த எடையைத் தூக்கிய பிறகு எஞ்சும் விசை சில கிராம் மட்டுமே இருக்கும்படி அளந்து நிரப்புகிறார்கள். கூடினால் பலூன் தன் உச்ச உயரத்தில் அழுத்தம் தாங்காமல் கிழியும். குறைந்தால் மேகத்துக்குள்ளேயே சிக்கி, பனி படிந்து இறங்கிவிடும். சிலர் ஏவுவதற்கு முன் உறையைக் காற்றால் ஊதி, மணிக்கணக்கில் அழுத்தத்தில் வைத்துச் சற்றே நீள விடுகிறார்கள். கன அளவு கொஞ்சம் கூடினாலும், புயல் மேகங்களுக்கு மேலே மிதக்கும் வாய்ப்பு கூடுகிறது. கிளம்பிய பலூன்களில் பல முதல் நாளிலேயே காணாமல் போகின்றன. தாக்குப்பிடித்தவை 10 முதல் 13 கி.மீ. உயரத்தில் மிதந்து, இரண்டு மூன்று வாரத்தில் ஒரு சுற்று என்ற கணக்கில் மாதக்கணக்கில் சுற்றுகின்றன.

பலூனை விரும்பிய இடத்துக்குச் செலுத்த முடியுமா?

ஓரளவு முடியும். ஒவ்வொரு உயரத்திலும் காற்று வெவ்வேறு திசையில் வீசுவதால், ஏறி இறங்கினாலே திசை மாறும். கூகுளில் தொடங்கிய லூன் திட்டத்தின் இணையச் சேவை பலூன்கள் இதைக் கணினியால் செய்தன. உள்ளே தனி அறையில் காற்றை அடைத்தால் எடை கூடி இறங்கும், வெளியேற்றினால் ஏறும். அவற்றுள் ஒன்று 2019 மே மாதம் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து கிளம்பி 312 நாள் மிதந்தது. இடையில் பெரு நாட்டின் வான்பரப்பில் மாதக்கணக்கில் தங்கவும் செய்தது. அதிகத் தொலைவு போவதைவிட ஓரிடத்திலேயே நிற்பது பலூனுக்குக் கடினம் என்பதால், அந்தத் தங்கலே பெரிய சாதனை என்று நினைக்கிறேன்.

1897இல் சுவீடனின் எஸ். ஏ. ஆந்த்ரே தரையில் இழுபடும் கயிறுகளையும் பாயையும் கொண்டு ஹைட்ரஜன் பலூனை வடதுருவத்துக்குச் செலுத்த முயன்றார். கிளம்பிய சில நிமிடத்திலேயே கயிறுகளின் பெரும்பகுதி கழன்று கடலில் விழுந்தது. உறையின் எண்ணற்ற தையல் துளைகள் வழியே வாயு கசிந்தது. பத்தரை மணிநேரம் பறந்து, பின் மூடுபனியில் நனைந்து கனத்து, நாற்பது மணிநேரம் பனிக்கட்டியில் மோதி மோதித் தவழ்ந்து, 500 கி.மீ.கூடப் போகாமல் அது நின்றது. ஆந்த்ரேயும் உடன் சென்ற இருவரும் திரும்பவில்லை, அவர்களுடைய உடல்கள் 1930இல்தான் கிடைத்தன.

வேறு கோளில் பலூன் பறந்திருக்கிறதா?

வெள்ளியில் பறந்திருக்கிறது. 1985 ஜூனில் சோவியத் யூனியனின் வேகா 1, வேகா 2 விண்கலங்கள் தலா ஒரு ஹீலியம் அதியழுத்த பலூனை வெள்ளியின் மேகங்களுக்குள் விட்டன. மூன்றரை மீட்டர் விட்டமுள்ள அவை சுமார் 54 கி.மீ. உயரத்தில், மின்கலம் தீரும் வரை ஏறத்தாழ 46 மணிநேரம் தகவல் அனுப்பின. அதற்குள் ஒவ்வொன்றும் 11,000 கி.மீ.க்கு மேல் போய்விட்டது. சூறாவளி வேகத்தில் ஓடும் அந்த மேக மண்டலத்தில் பலூனுக்கு வேறு வழியில்லை.

விழாவில் பலூன்களை வானில் விடுவது சரியா?

விட வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. 1986 செப்டம்பர் 27 அன்று அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் நிதி திரட்டுவதற்காகப் பதினான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட பலூன்கள் ஒரே நேரத்தில் விடப்பட்டன. குளிர்ந்த மழைக்காற்று வந்து அவற்றைக் கீழே அழுத்தியது. ஏரியிலும் சாலையிலும் விமான ஓடுதளத்திலும் அவை குவிந்தன. ஈரி ஏரியில் காணாமல்போன படகோட்டிகளைத் தேடிய மீட்புக் குழுவினருக்கு, நீர்ப்பரப்பெங்கும் மிதந்த பலூன்களுக்கிடையே தேடுவது பெரும் இடையூறாயிற்று.

ரப்பர் மக்கும் என்ற விளம்பரத்தை நம்பவும் வேண்டாம். மக்குவதற்கு மாதங்களோ ஆண்டுகளோ ஆகும். அதற்குள் கடலாமைகளும் கடற்பறவைகளும் அதை இரையென்று விழுங்குகின்றன. 2019இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வொன்று, விழுங்கப்பட்ட பலூன் துண்டு கடினமான பிளாஸ்டிக் துண்டைவிட ஒரு கடற்பறவையைக் கொல்ல 32 மடங்கு வாய்ப்பு அதிகம் என்று கணித்தது. உலோகம் பூசிய பலூன்கள் மின்கம்பிகளில் பட்டு மின்தடை ஏற்படுத்துகின்றன.

ஆய்வுக்காக ஏவும் பலூன் எங்கே இறங்கும் என்று முன்கூட்டியே கணிக்க முடியுமா?

முடியும். அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா ஹைஸ்பிளிட் என்ற கணிப்பியை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. இடம், நேரம், உயரம் ஆகிய மூன்றையும் கொடுத்தால், வானிலைக் கணிப்பிலுள்ள காற்றின் வேகத்தையும் திசையையும் கொண்டு பாதையை வரைந்து காட்டும். ஓர் உயரத்தில் நிலையாக மிதக்கும் பலூனுக்கு இது பொருத்தமானது. ஏறி வெடித்து இறங்கும் ரப்பர் பலூனுக்கு ஏறும் வேகம், வெடிக்கும் உயரம், பாராசூட் இறங்கும் வேகம் ஆகியவற்றையும் கேட்கும் தனிக் கணிப்பிகளைப் பயன்படுத்த வேண்டும். பறக்கவிடுவதற்கு முன் உங்கள் நாட்டின் விமானப் போக்குவரத்து அதிகாரிகளிடம் அனுமதி விதிகளைக் கேட்டறிவதும் அவசியம்.

கணிப்பியில் மூன்று உயரங்களைக் கொடுத்துப் பாருங்கள். மூன்று கோடுகளும் ஒரே பக்கம் போனால் அன்றைய கணிப்பை நம்பலாம். வெவ்வேறு பக்கம் பிரிந்தால், வெடிக்கும் உயரத்தில் ஏற்படும் சிறு பிழைகூட இறங்கும் இடத்தைப் பெரிதும் மாற்றிவிடும் என்று பொருள். முந்தைய நாள் இரவு ஒருமுறையும் ஏவும் நாள் காலை மறுமுறையும் கணித்து, இரண்டும் ஒத்துப்போகவில்லையென்றால் அன்று ஏவாமல் வேறொரு நாளுக்குத் தள்ளிவைப்பதே நல்லது.